ஒரு பாட்டில் ஏத்தினா எல்லாம் சரியாப் போயிடுமா?

ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல்னு தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. இப்பவும் எழுதலைன்னா அடுத்த வெயிலுக்கும் எங்க ஊர்ல இதே கூத்துதான் நடக்கும். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

போன சித்திரையில நடந்தது இது. சொர்ணவாரிப் பட்டத்துக்கு நடவு ஓடிக்கிட்டிருந்த நேரம். அம்மா காலையில ஆறு மணிக்கு ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டு வயலுக்குக் கிளம்பினவங்க. பதினொன்றரை மணிக்கு வரப்புல உட்கார்ந்தவங்களால எழுந்திருக்க முடியலை. தலை சுத்தல். கெண்டைக்கால் சதை பிடிச்சு இழுக்குது. கூட நடவு நட்டுக்கிட்டிருந்த பெரியம்மா, அத்தைங்க எல்லாம் சேர்ந்து ஷேர் ஆட்டோவுல ஏத்தி உத்திரமேரூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. "ஒரு பாட்டுலு போட்டுக்கினு வந்துட்டா சரியாப் பூடும்"னு பெரியம்மா வழியிலேயே தீர்ப்பு சொல்லிட்டாங்க.

எந்த கிளினிக், எந்தத் தெருன்னு சொல்லப் போறதில்லை. அது ஒரு இடத்தோட பிரச்சினையும் இல்லை. நான் காலேஜ்ல இருந்து போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டாவது பாட்டில் ஓடிக்கிட்டிருந்தது. அம்மா நல்லா முழிச்சுக்கிட்டு, பக்கத்து கட்டில்ல இருந்தவங்களோட ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்தாங்க. வாந்தி இல்லை, பேதி இல்லை. "குடிக்க ஏதாவது கொடுத்தாங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"அதான் ஏறுதே, அப்புறம் எதுக்குடா குடிக்கணும்?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். பில் 650 ரூபாய். ஊசி, மாத்திரை தனி. அன்னைக்குக் கூலியும் போச்சு, மறுநாள் கூலியும் போச்சு.

என் வாதத்தை முதல்லயே சொல்லிடறேன். நல்லா முழிச்சிருந்து, வாயால குடிக்க முடியற ஆளுக்குப் பாட்டில் ஏத்தறது பெரும்பாலான நேரம் வைத்தியம் இல்லை, வியாபாரம். விக்கறவங்க மட்டும் குத்தவாளி இல்லை, கேட்டு வாங்கற நாமளும்தான். பணம் போறதைக் கூட மன்னிச்சிடலாம். அந்த ஆள் ஏன் வரப்புல விழுந்தாங்கன்ற கேள்வியை அந்தப் பாட்டில் மூடி மறைச்சிடுது பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியலை.

பாட்டில்ல அப்படி என்னதான் இருக்கு?

நம்ம ஊர்ல எது தொங்கினாலும் அது "குளுக்கோஸ்". உண்மையில அடிக்கடி தொங்கறது மூணு வகை. ஒண்ணு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் தண்ணி. ரெண்டாவது, நார்மல் சலைன், அதாவது 0.9 சதவீத உப்புத் தண்ணி. மூணாவது, ரெண்டையும் கலந்த டி.என்.எஸ். இது போக ரிங்கர் லாக்டேட்னு ஒண்ணு உண்டு, கிளினிக்ல "ஆர்.எல்."னு சொல்லுவாங்க.

கணக்குப் போடுவோம். 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்ல 25 கிராம் சர்க்கரை. அதுல கிடைக்கற சக்தி 100 கலோரியைத் தாண்டாது. ரெண்டு இட்லி சாப்பிட்டா அது வந்துடும், சட்னி இலவசம் :-) 500 மி.லி. சலைன்ல இருக்கறது 4.5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் குறைவு. "சத்து ஏத்தறாங்க"ன்னு நாம பயபக்தியோட பார்த்துக்கிட்டிருக்கற வஸ்து இவ்வளவுதான்.

அந்த மஞ்சள் கலர்? ஒரு வைட்டமின் ஊசியை உள்ளே விட்டா மொத்தப் பாட்டிலும் மஞ்சளாயிடும். கலர் வந்துட்டா "பவர் மருந்து", ரேட்டும் ஏறிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. டெக்ஸ்ட்ரோஸ்ல இருக்கற சர்க்கரையை உடம்பு சீக்கிரமே எரிச்சிடும், மிச்சம் வெறும் தண்ணி. வெறும் தண்ணி உடம்போட எல்லா மூலைக்கும் பரவிடும். ஏத்தின 500 மி.லி.யில ரத்தக் குழாய்க்குள்ள தங்கறது சுமார் 40 மி.லி. மட்டும்தான். சலைன்னா கொஞ்சம் பரவாயில்லை, உப்பு இருக்கறதால சுமார் 125 மி.லி. தங்கும். ஏன் இந்த வித்தியாசம்? அங்கேதான் உடம்போட சூட்சுமம் இருக்கு.

ஏரியும் கலங்கலும்

உத்திரமேரூர்க்காரங்களுக்கு இதை விளக்கப் பாடப்புத்தகம் வேண்டாம், ஏரி போதும். மழைக்காலத்துல நிரம்பும். மிஞ்சினது கலங்கல் வழியாப் போகும். கோடையில மதகை இறுக்கி மூடி இருக்கறதைக் காப்பாத்தணும். எப்போ திறக்கறது, எப்போ மூடறதுன்னு பார்க்க ஆள் வேணும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டின கல்வெட்டுகள் இருக்கே, அதுல ஏரி வாரியம்னு ஒரு குழுவைக் குடவோலை மூலமா எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விதி போட்டிருக்காங்க. ஆறு உறுப்பினர்கள். நம்ம உடம்புக்குள்ளேயும் அப்படி ஒரு வாரியம் உட்கார்ந்திருக்கு.

60 கிலோ எடையுள்ள ஆம்பளையோட உடம்புல சுமார் 36 லிட்டர் தண்ணி இருக்கும். பொம்பளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த 36ல 24 லிட்டர் செல்லுக்குள்ளே, 12 லிட்டர் வெளியே. வெளியே இருக்கற 12ல ரத்தத்தோட நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர்தான். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்பாடு கலையாம இருக்க ஒவ்வொரு செல்லும் ராப்பகலா பம்பு ஓட்டிக்கிட்டிருக்கு. உப்பு எங்கே இருக்கோ அங்கேதான் தண்ணி நிக்கும். அதனாலதான் சலைன் வெளிப்பக்கத்துலயே தங்குது, சர்க்கரைத் தண்ணி எல்லா இடத்துக்கும் ஓடிப் போகுது. இந்தப் பதிவுல ஒரு வரிதான் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க: உடம்புல தண்ணிக் கணக்குன்னு தனியா எதுவும் கிடையாது, அது எப்பவும் உப்போட சேர்ந்த கணக்குதான்.

இப்போ வாரியத்துக்கு வருவோம்.

மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம். ரத்தத்தோட செறிவு 1 சதவீதம் ஏறினாலே அது கண்டுபிடிச்சிடும். உடனே ரெண்டு உத்தரவு போகும். ஒண்ணு, தாகம். இன்னொண்ணு, வாசோப்ரெசின்ங்கற ஹார்மோன். அது சிறுநீரகத்துக்குப் போய் "தண்ணியை விடாதே, இழுத்து வை"ன்னு சொல்லும். அப்போ சிறுநீர் குறையும், கடுகெண்ணெய் மாதிரி நிறம் ஏறும். தண்ணி அதிகமானா அந்த ஹார்மோன் நின்னுடும், சிறுநீர் தெளிஞ்சு ஓடும்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டறது சுமார் 180 லிட்டர். வெளியே விடறது ஒண்ணு, ஒண்ணரை லிட்டர். மிச்சம் மொத்தமும் திரும்ப உள்ளே. 99 சதவீதம்! எந்தப் பொதுப்பணித் துறையும் இப்படி ஒரு ஏரியை நிர்வாகம் பண்ணினதில்லை.

ஏரியோட மட்டம், அதாவது ரத்தத்தோட அளவு குறைஞ்சா வேற உறுப்பினர் எழுந்திருப்பார். சிறுநீரகம் ரெனின்னு ஒண்ணை விடும், அந்தச் சங்கிலி அட்ரினல் சுரப்பிக்குப் போய் ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கும். அது சோடியத்தைப் பிடிச்சு வைக்கும். சோடியம் நின்னா கூடவே தண்ணியும் நிக்கும். எதிர்ப்பக்கத்துல, மட்டம் ரொம்ப ஏறிட்டா இதயமே ஒரு ஹார்மோனை விட்டு உப்பை வெளியே தள்ளச் சொல்லும். இதயத்துக்கு இப்படி ஒரு வேலை இருக்குன்னு 1981ல அடோல்ஃபோ டி போல்ட்ங்கற விஞ்ஞானி காட்டற வரைக்கும் அதை வெறும் பம்புன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

இத்தனை காவல் இருக்கறதாலதான் ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 135லிருந்து 145 மில்லிமோலுக்குள்ளேயும், பொட்டாசியம் 3.5லிருந்து 5க்குள்ளேயும் நிக்குது. நீங்க பிரியாணி சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி.

குடலைப் பத்தியும் சொல்லணும். நாம குடிக்கறது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம்னு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் குடலுக்குள்ளே வருது. அதுல கடைசியா வெளியே போறது 200 மி.லி.க்குள்ளதான். ஒரு நாளைக்கு 8 லிட்டருக்கு மேல உள்ளே இழுக்கற வரத்துக்கால்வாய் நம்ம வயித்துக்குள்ள நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போது, அதை மூடிட்டு டேங்கர் லாரி வெச்சு ஏரியை நிரப்பறதுக்குப் பேர்தான் "ஒரு பாட்டுலு போட்டுக்கறது".

"ஆனா ஏத்தினதும் தெம்பா இருக்கே?"

இருக்கும். ஏன் இருக்காது? காலையில இருந்து வெயில்ல குனிஞ்சு நட்ட ஆளை ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் படுக்க வெச்சா பாதி சரியாயிடும். படுத்தா கால்ல தேங்கின ரத்தம் தலைக்குத் திரும்பும், கிறுகிறுப்பு நிக்கும். நாலு பேர் வந்து பார்த்துக் கை பிடிச்சா மனசும் தேறும். அதோட கொஞ்சம் உப்புத் தண்ணியும் உள்ளே போகுது. இதே உப்புத் தண்ணியை ஒரு சொம்புல கொடுத்துட்டு, வேப்ப மரத்தடியில படுக்க வெச்சிருந்தாலும் அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாங்க. 650 ரூபாய் மிச்சம்.

சொம்புக்கு இல்லாத ஆபத்தும் ஊசிக்கு இருக்கு. குத்தின இடம் வீங்கலாம், கிருமி நுழையலாம். இதயம் பலவீனமானவங்களுக்கும் சிறுநீரகம் கெட்டவங்களுக்கும் வேகமா ஏத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். குடிக்கும்போது "போதும்"னு தாகம் நிறுத்திடும். பாட்டிலுக்கு அப்படி ஒரு பிரேக் கிடையாது, தீர்ற வரைக்கும் ஓடும்.

நான் டிரிப்புக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிடறேன். 1832ல ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டாங்கற டாக்டர், காலராவுல சாகக் கிடந்தவங்களோட ரத்தக் குழாய்ல உப்புத் தண்ணியை ஏத்திக் காட்டினார். அது மகத்தான காரியம். மயங்கிக் கிடக்கறவங்க, நிக்காம வாந்தி எடுக்கறவங்க, நாடி விழுந்தவங்க, டெங்குவுல அதிர்ச்சி நிலைக்குப் போனவங்க, ஆபரேஷன் ஆனவங்க, இவங்களுக்கெல்லாம் பாட்டில்தான் உயிர். வெயில்ல உடம்பு கொதிச்சு, குழம்பிப் பேசறவங்களை ஒரு நிமிஷம் கூட வீட்டுல வெச்சுக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, உடம்புல தண்ணி ஊத்தி ஆத்துங்க. என் சண்டை, கதை பேசிக்கிட்டே ஏத்திக்கற பாட்டிலோட மட்டும்தான்.

பாட்டில் தீர்ந்து போன இடத்துல நடந்தது

பாட்டிலை விட்டா கதி இல்லைன்னு நினைக்கறவங்களுக்கு 1971ல பொங்காவ்ல நடந்ததைச் சொல்லணும். மேற்கு வங்காளத்துல, எல்லை ஓரத்துல இருக்கற ஊர். வங்கதேசப் போர்ல தப்பிச்சு வந்த லட்சக்கணக்கான அகதிகள். முகாம்ல காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். டாக்டர் திலீப் மகலனோபிஸ் அங்கே போய்ச் சேர்ந்தப்போ கையில இருந்த சலைன் பாட்டில் சீக்கிரமே தீர்ந்து போற நிலைமை. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? கல்கத்தாவுல உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் எடை போட்டுப் பொட்டலம் கட்டச் சொல்லி, டிரம்ல கரைச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்க கையிலேயே கோப்பையைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நர்ஸ் இல்லை, ஊசி இல்லை. 30 சதவீதம் வரைக்கும் போய்க்கிட்டிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிடுச்சு.

இது மாயமில்லை. 1960ல ராபர்ட் கிரேன்ங்கற விஞ்ஞானி சொன்ன விஷயம்தான் அடிப்படை. குடல் சுவத்துல ஒரு கதவு இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தாத்தான் அது திறக்கும். ரெண்டும் உள்ளே போனா பின்னாடியே தண்ணியும் போகும். காலரா வந்தாலும், எத்தனை பேதி ஆனாலும் இந்தக் கதவு கெடறதில்லை. அதான் உப்புசர்க்கரைக் கரைசலோட ரகசியம். லான்செட் பத்திரிகை 1978ல இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கக்கூடும்னு தலையங்கத்துல எழுதிச்சு. மகலனோபிஸ் 2022 அக்டோபர்ல இறந்தார். 2023ல அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தாங்க, உயிரோட இருந்தப்ப கொடுக்கலை. இதுக்கு மேல என்னத்த சொல்ல.

இப்போ உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 2002லிருந்து இதுதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். மெடிக்கல்ல இருபது, இருபத்தஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கொடுப்பாங்க. நம்ம ஆளுங்க அதை வாங்கிட்டு வந்து அலமாரியில வெச்சுட்டு, "வெறும் உப்புத் தண்ணி பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிட்டாங்க"ன்னு புலம்பிட்டு, தனியார்ல போய் அதே உப்புத் தண்ணியை ஊசி வழியா ஏத்திக்கிட்டு வருவாங்க. அவ்வ்வ்!

ரெண்டு பக்கமும் நாலு குட்டு

இந்த இடத்துல "நம்ம முன்னோர்கள் நீராகாரத்துல உப்பு போட்டுக் குடிச்சாங்களே, அதுதான் விஞ்ஞானம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். பாதி உண்மை. பழைய சோத்துத் தண்ணியில இருக்கற மாவுச்சத்து வயித்துல குளுக்கோஸா மாறும், கூட உப்பும் இருக்கறதால அந்தக் கதவு திறக்கும். அரிசிக் கஞ்சியை வெச்சே உப்புக் கரைசல் பண்ணி ஆராய்ச்சியும் நடத்தியிருக்காங்க. உப்பு போட்ட மோரும் அருமை. ஆனா அதே முன்னோர்கள்தான் "பேதி ஆகுது, புள்ளைக்குத் தண்ணி காட்டாதே"ன்னும் சொன்னாங்க. அந்த ஒரு பேச்சால காய்ஞ்சு செத்த குழந்தைங்க எத்தனையோ. பேதி நேரத்துல குழந்தைக்குக் கரைசலையும் தாய்ப்பாலையும் நிறுத்தவே கூடாது. கூட 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் உண்டு. அதனால முன்னோர் பெருமையைக் கொஞ்சம் அளந்தே பேசுவோம்.

இன்னொரு பக்கம் கடைக்காரக் கோஷ்டி. ஓ.ஆர்.எஸ்.ங்கற எழுத்தைப் பேருக்குள்ள ஒட்ட வெச்சுக்கிட்டு, டெட்ரா பாக்கெட்ல பழ ஜூஸ் மாதிரி ஒண்ணை மெடிக்கல் ஷாப்லயே வித்தாங்க. சர்க்கரை பல மடங்கு அதிகம். குடல்ல சர்க்கரை அளவுக்கு மீறினா அது உடம்புல இருக்கற தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும், பேதி இன்னும் அதிகமாகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதுக்காகப் பல வருஷம் தனியா மல்லுக்கட்டினார். 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த அளவுக்கு ஒத்து வராத பானம் எதுவும் ஓ.ஆர்.எஸ்.ங்கற பேரை ஒட்டிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆனாலும் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க.

"நிறையத் தண்ணி குடி, தினம் நாலு லிட்டர் குடி"ன்னு காலங்கார்த்தால வாட்ஸப்ல அனுப்பறவங்களுக்கும் ஒரு குட்டு. எங்க தெருவுல ஒரு ஆயா. பிரஷருக்கு, உப்பை வெளியே தள்ற மாத்திரை சாப்பிடறவங்க. "உப்பே சேர்க்காதே"ன்னு ஒருத்தர் சொல்ல, "தண்ணி நிறையக் குடி"ன்னு இன்னொருத்தர் சொல்ல, ரெண்டையும் ஒழுங்கா செஞ்சாங்க. பத்து நாள்ல பேரப் பிள்ளைங்க பேரையே மாத்தி மாத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. "காத்துக் கருப்பு"ன்னு தாயத்து கட்டினாங்க. அப்புறம் "உடம்புல சத்து இல்லை"ன்னு ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினாங்க. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தா சோடியம் 118. ஏற்கனவே நீர்த்துப் போன ரத்தத்துல இன்னும் தண்ணியைக் கலந்திருக்காங்க! ரத்தம் நீர்த்துப் போனா மூளைச் செல் வீங்கும். அதைச் சரி பண்றதுகூட மெதுவாத்தான் பண்ணணும், அவசரப்பட்டு ஏத்தினா மூளைக்கே சேதம். நல்லவேளையா ஆயா தப்பிச்சாங்க. அந்தப் பாட்டிலுக்கு முன்னாடி ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணியிருந்தா இத்தனை பாடு வந்திருக்காது.

சரி, அம்மா ஏன் விழுந்தாங்க?

இதைத்தான் அந்த கிளினிக்ல யாரும் கேட்கலை. நானும் அன்னைக்கு ராத்திரிதான் கேட்டேன்.

ஆறு மணியில இருந்து பதினொன்றரை வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கலையாம். "பாட்டில்ல எடுத்துட்டுப் போனியேம்மா?" "எடுத்துட்டுத்தான் போனேன். குடிச்சா ஒதுங்க வேணாமா? சுத்தி எங்க பாத்தாலும் வெட்டவெளி. அக்கம் பக்கம் டிராக்டர் ஓட்டறவங்க, வரப்பு வெட்டறவங்க நிக்கறாங்க. வீட்டுக்கு வந்துதான் போவணும்."

அவ்வளவுதான் நோய். சிறுநீர் போக இடமில்லாததால தண்ணி குடிக்காம இருக்கறது. எங்க அம்மா ஹைப்போதலாமஸ் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, தாகம்னு மணி அடிச்சிருக்கு. வெட்கம் அந்த மணியை அமுக்கி வெச்சிருக்கு. வாரியம் என்ன பண்ணும் பாவம்? மதகை இறுக்கி மூடிச்சு, வேர்வை வழியாப் போனதைத் தடுக்க முடியலை, மட்டம் இறங்கிச்சு, ஆள் உட்கார்ந்துட்டாங்க.

இது அம்மா ஒருத்தங்க கதை இல்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துல டாக்டர் வித்யா வேணுகோபால் குழு வெயில்ல வேலை பார்க்கறவங்களைப் பத்திப் பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க. வெயிலும், வேலை இடத்துல கழிப்பறை இல்லாததும் சேர்ந்து பெண்களுக்கு சிறுநீர்ப்பாதைத் தொந்தரவு கொடுக்குதுன்னு 2016லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகத் துறை டாக்டர்கள் தமிழ்நாட்டு விவசாயக் கூலிகளைப் பரிசோதிச்சு 2025ல வெளியிட்ட ஆய்வுல, நூத்துக்கு சுமார் அஞ்சு பேருக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு, அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு சர்க்கரை, பிரஷர் மாதிரி வழக்கமான காரணம் எதுவும் இல்லை. நிகரகுவா, எல் சால்வடார் கரும்பு வெட்டற ஆளுங்களுக்கு இதே கதை நடந்தப்போ அங்கே கையில எடுத்த மருந்து மூணு வார்த்தை: தண்ணி, ஓய்வு, நிழல்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. செத்தா 4 லட்சம். நல்லது. சாகாம இருக்க வரப்பு ஓரத்துல ஒரு கீத்து மறைப்பு யாரு கட்டறது? 2021ல கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போடணும்னு சட்டம் வந்துச்சு. வயல்ல நிக்கறவங்களுக்கு ஒதுங்க இடம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நாலு கொம்பு, ஒரு பழைய தார்ப்பாய், ஒரு குடம் தண்ணி, ஒரு பொட்டலம் உப்புக் கரைசல். எல்லாம் சேர்த்து ஒரு பாட்டில் காசுக்குள்ள முடிஞ்சிடும். நடவுக்கு ஆள் கூப்பிடற நிலத்துக்காரங்க இதைச் செய்யலாம். ஊராட்சி செய்யலாம். யாரும் செய்ய மாட்டாங்க, ஏன்னா விழுந்தா ஏத்திக்கப் பாட்டில் இருக்கே!

எங்க ஊர்க் கல்வெட்டைப் பத்தி எல்லாரும் "அந்தக் காலத்திலேயே ஓட்டு"ன்னு பெருமை பேசறோம். அதுல எனக்குப் பிடிச்ச விதி வேற. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவங்க சொந்தக்காரங்களும் வர முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏரித் தண்ணிக்குக் கணக்குக் கேட்ட ஊர்ல, இன்னைக்கு நம்ம ரத்தத்துக்குள்ள என்ன தண்ணி ஏறுதுன்னு கேட்க ஆள் இல்லை.

அதனால மக்களே, அடுத்த முறை யாராவது பாட்டிலைத் தூக்கினா மூணு கேள்வி கேளுங்க. இதுல என்ன இருக்கு? இவங்களால குடிக்க முடியாதா? ரத்தம் பார்த்தீங்களா? கூட வந்தவங்க தங்களுக்குள்ள நாலாவதா ஒரு கேள்வி கேட்டுக்குங்க: காலையில இருந்து இவங்க ஏன் தண்ணி குடிக்கலை?

இந்த வருஷம் நடவுக்கு முன்னாடி நானும் பெரியப்பா பையனும் சேர்ந்து எங்க வயல் ஓரமா கீத்து மறைப்பு ஒண்ணு கட்டினோம். கோணலாத்தான் இருக்கு. ஆனா அம்மாவோட தண்ணி பாட்டில் மத்தியானம் காலியா வீட்டுக்குத் திரும்புது.

டிஸ்கி: வீட்டுலேயே கரைசல் பண்ணறதுன்னா காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணிக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலை தட்டின அளவு. உப்பு கூடிடக் கூடாது. சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவங்க இளநீர், உப்பு, தண்ணி எல்லாத்துக்கும் அவங்க டாக்டர் சொல்ற அளவைத்தான் கேட்கணும். நான் மாணவன்தான், டாக்டர் இல்லை. திட்டறவங்க தாராளமா திட்டலாம், ஆனா முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து திட்டுங்க :-)